விழாத கட்டை

கடந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காக நான் பஸ்ஸைவிட்டு இறங்கும் நிறுத்தத்தில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் பேனர் நின்றது. பூப்புனித நீராட்டு விழா. மதுரையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள், கைகூப்பும் தலைவர்கள், ஒரு நடிகர், நடுவில் பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக ஒரு குழந்தை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். என் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் 1500 மீட்டர் ஓடுகிறவள்.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாக அவள் மைதானத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் மற்ற பிள்ளைகளிடம் கேட்டபோது ஒருத்தி சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "அவ இனிமே ஓட மாட்டா டீச்சர். பெரிய மனுஷி ஆகிட்டாள்ல."

உடற்கல்வி ஆசிரியையாக இருபது வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு மூன்று பிள்ளைகளை இழந்திருக்கிறேன். வீட்டில் போய்ப் பேசுவேன். சில சமயம் திரும்பி வருவார்கள், பல சமயம் வர மாட்டார்கள். பிறகு அடுத்த பிள்ளை, அடுத்த போட்டி. ஆனால் இந்த முறை அந்த பேனரைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, அந்த வாரம் நான் படித்த ஒரு செய்தி. இன்னொன்று, இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது 1981இல், சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில். பேரணையில் மதகு திறந்தால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்துவிட்டால் வயல், தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் பச்சையாகிவிடும். பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாலம் சுற்றிப் போனால் நேரமாகும் என்பதால் வரப்பிலேயே ஓடி, முள்வேலியைத் தாண்டி, சின்ன வாய்க்காலை ஒரே எட்டில் கடந்து போவேன். அண்ணன்கள் பின்னால் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். "காத்து மாதிரி போகுது புள்ள" என்று அப்பத்தா சிரிக்கும்.

பதினாலு வயதுவரை அது சிரிப்பாக இருந்தது. பதினைந்தில் பேச்சு மாறியது. என்னைவிட இரண்டு வயது சின்னவளான சித்தி மகளுக்குச் சடங்கு முடிந்தது. என் வகுப்பில் எல்லாருக்கும் முடிந்தது. நான் மட்டும் ஆகவில்லை. குழாயடியில் அம்மாவிடம் தினமும் யாராவது கேட்பார்கள்: "இன்னும் ஒண்ணும் காணலையா?" கேட்கிறவர்களின் கண் அம்மாவின் மேல் இருக்காது, என் மார்பின் மேல் இருக்கும். அம்மா எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருண்டை பிடித்துத் தந்தாள். குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள். டவுனுக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். "ஒல்லியா இருக்கா, நிறைய ஓடுறா, சில பிள்ளைங்களுக்குத் தள்ளிப்போகும், பயப்படாதீங்க" என்று அவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் "நிறைய ஓடுறா" என்பது மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "ஆம்பளப் பய மாதிரி ஓடுனா எப்படி ஆகும்?"

1997. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு போட்டியில் 1500 மீட்டரில் முதலில் வந்தேன். இரண்டாவது வந்த பெண்ணுக்கு நான் ஏறக்குறைய அரைச் சுற்று முன்னால் இருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் தரப்பிலிருந்து ஒருவர் நடுவர் மேசைக்குப் போய் ஏதோ பேசுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். கிரிக்கெட் மட்டையும் மடக்கு நாற்காலியும் அடுக்கி வைத்திருந்த ஒரு அறை. கதவைச் சாத்தினார்கள். "ஒண்ணுமில்லம்மா, சும்மா பாத்துக்கிறோம்" என்றார்கள். அவர்கள் முரட்டுத்தனமாக நடக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். ஒருவர் என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவைத் திறந்து ஒருவர் வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பொண்ணுதான் சார், விடுங்க."

வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் தந்தார்கள். பஸ்ஸில் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் முதல் பரிசு என்று மட்டும் சொன்னேன்.

அதற்கடுத்த வருடம், பதினேழு முடியும் தருவாயில், ஆனேன். தாய்மாமன் தென்னங்கீற்று வெட்டிவந்து குச்சு கட்டினார். ஊரே வந்து சாப்பிட்டது. அம்மா அழுதாள். அது எந்த மாதிரி அழுகை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. இரண்டு வருடமாகக் குழாயடியில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஊருக்கு அறிவித்தாயிற்று. அந்த அறையில் கேட்ட "பொண்ணுதான் சார்" என்பதற்கும் இந்த மேளத்துக்கும் உள்ள உறவை நான் கண்டுகொள்ள இன்னும் எட்டு ஒன்பது வருடம் ஆனது.

சடங்குக்குப் பிறகும் என்னை ஓடவிட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும், பீஸ் குறையும் என்று யாரோ அப்பாவிடம் சொன்னதுதான் காரணம். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில்தான் முதல் முறையாக ஸ்டீபிள்சேஸ் பார்த்தேன். பையன்கள் ஓடினார்கள். ஓடுபாதையில் உத்தரம் மாதிரி கனமான கட்டைகள். ஒரு கட்டைக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி. சிலர் கட்டை மேல் ஒரு காலை ஊன்றித் தாவினார்கள். சிலர் தண்ணீரில் இடுப்புவரை நனைந்து எழுந்து ஓடினார்கள். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக வந்தது. இது எங்கள் ஊர் வாய்க்கால்! இதைத்தானே நான் தினமும் செய்தேன்!

பக்கத்தில் நின்ற ஒரு மூத்த பயிற்சியாளரிடம் பெண்களுக்கு எப்போது என்று கேட்டேன். "இது பொம்பளப் பிள்ளைகளுக்குக் கிடையாதும்மா. எசகுபிசகா வயித்துல அடிபட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. உலகமே அப்படித்தான் நினைத்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் சுருண்டு விழுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்தே எடுக்கப்பட்டு 1960இல்தான் திரும்பி வந்தது. பெண்களுக்கு மாரத்தான் 1984இல் வந்தது. ஸ்டீபிள்சேஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆண்களுக்கு 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் 1920 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெண்களுக்கு 2008 பெய்ஜிங்கில்தான் சேர்த்தார்கள். நடுவில் 88 வருடங்கள்.

இந்த ஓட்டம் பிரிட்டன், அயர்லாந்து கிராமங்களில் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஒரு தேவாலயக் கோபுரத்தைக் குறி வைத்து அடுத்த ஊரிலிருந்து ஓடுவது. நடுவில் வேலி வந்தாலும் ஓடை வந்தாலும் தாண்டித்தான் போக வேண்டும். இன்று அது ஓடுபாதைக்குள் அடங்கிவிட்டது. 3000 மீட்டரில் 28 முறை கட்டையைத் தாண்ட வேண்டும், 7 முறை தண்ணீரைத் தாண்ட வேண்டும். பெண்களுக்கான கட்டையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். தண்ணீர்த் தொட்டியின் நீளம் 3.66 மீட்டர். ஹர்டில்ஸ் எனப்படும் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும், ஓடிக்கொண்டே இருக்கலாம். ஸ்டீபிள்சேஸ் கட்டை சாயாது. கால் தட்டினால் நாம்தான் விழுவோம். நனைந்த ஷூவோடு எழுந்து, முன்னால் போனவர்களைத் துரத்த வேண்டும்.

எனக்கு அது வாய்க்கவில்லை. கல்லூரி முடிந்ததும் உடற்கல்விப் பயிற்சி, வேலை, கல்யாணம். ஆனால் நூறு கிலோமீட்டர் தள்ளி, புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், நான் பிறந்த அதே 1981இல் பிறந்த ஒருத்திக்கு அது வாய்த்தது. சாந்தி சௌந்திரராஜன். தலித் குடும்பம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. 2005 ஜூலையில் பெங்களூருவில் நடந்த தேசியப் போட்டியில் 800, 1500, 3000 மீட்டர் ஓட்டங்களில் வென்ற அவர், 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை 10 நிமிடம் 44.65 விநாடியில் ஓடித் தேசிய சாதனையும் படைத்தார். உலகத் தடகளப் போட்டியில் பெண்களுக்கான ஸ்டீபிள்சேஸ் முதல் முறையாக நடந்தது அதற்கடுத்த மாதம், ஹெல்சிங்கியில். அதாவது, பெண்ணின் வயிறு தாங்காது என்று சொல்லப்பட்ட ஓட்டத்தை உலகம் அனுமதித்த அந்தக் கோடையில், எங்கள் பக்கத்துச் செங்கல் சூளைக் குடும்பத்துப் பெண் அதில் இந்தியாவின் முதலிடத்தில் இருந்தார்.

இதை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே பல வருடம் கழித்து, அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. சாந்தி என்றால் நமக்கு நினைவில் இருப்பது வேறொன்று.

2006 டிசம்பர் 9, தோஹா ஆசிய விளையாட்டு. 800 மீட்டரில் சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். ஆசிய விளையாட்டில் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் பெண் என்று கொண்டாடினார்கள். முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பரிசளித்தார். அதே மாதத்தில், பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி ஊடகங்களில் வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடம்புக்குள் மருத்துவர்கள் தேடிப் பார்த்த விஷயம், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஊர்க்காரர்களுக்கு டி.வி. வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஊக்கமருந்து சாப்பிட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. பொய் சொன்னார் என்றும் சொல்லவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான்.

அந்தச் செய்தி ஓடியபோது நான் மதுரையில் புகுந்த வீட்டில் இருந்தேன். மடியில் ஆறு மாதப் பிள்ளை. கூடத்தில் மாமியார், நாத்தனார், கணவரின் நண்பர்கள் இரண்டு பேர். "அது பொம்பளையே இல்லையாம்ல" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அவருடைய நடையைப் பற்றி ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

எட்டு வருடம் போட்டிகளில் ஓடியவள் நான். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். அந்தக் கூடத்தில் சாந்தியின் பக்கம் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான். ஆனால் என் மடியில் ஒரு பிள்ளை இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. நான் தேறிவிட்டேன். தேறியவள் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் தோன்றியிருக்க வேண்டும். பயந்துதான் சிரித்தேன். ஆனால் அது அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. அவர்களுக்குக் கேட்டது சிரிப்பு மட்டும்.

2007 செப்டம்பரில் சாந்தி உயிரை விடத் துணிந்தார் என்று படித்தேன். பிழைத்துக்கொண்டார். பரிசுப் பணத்தைப் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பணம் கரைந்தது. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் செய்தி வந்தது. அதன்பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். அவருக்காகக் குரல் கொடுத்தவர்களில் மதுரைக்காரரான கோபி ஷங்கரும் ஒருவர். ஆனால் பதக்கம் திரும்பி வரவில்லை.

சாந்தி விட்ட இடத்திலிருந்து ஸ்டீபிள்சேஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் பெண்கள் ஸ்டீபிள்சேஸை முதல் முறையாகச் சேர்த்தபோது தங்கம் வென்றது ரேபரேலியின் சுதா சிங், 9 நிமிடம் 55.67 விநாடி. 2016 ரியோவில் மகாராஷ்டிரத்தின் சதாராவைச் சேர்ந்த லலிதா பாபர் தகுதிச் சுற்றில் 9:19.76 ஓடி இறுதிப் போட்டிக்குப் போனார். 2025இல் மீரட் பக்கத்துப் பெண் பாருல் சௌத்ரி கொரியாவின் குமியில் 9:12.46 ஓடினார். இருபது வருடத்தில் தேசிய சாதனை ஒன்றரை நிமிடம் இறங்கியிருக்கிறது. இவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பெண்கள். இந்தப் பட்டியலை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 10:44.65இல் இருந்துதான் தொடங்குவேன். அந்தப் பெயரை விட்டுவிட்டுச் சொன்னால் கணக்கு தப்பு.

சோதனையின் கதையும் நீளமானது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண்கள் மருத்துவர் குழு முன்னால் ஆடையில்லாமல் நிற்க வேண்டியிருந்தது. 1968இல் அதற்குப் பதிலாகக் குரோமோசோம் சோதனை வந்தது. 1985இல் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தினோ அதில் மாட்டி, அணியிலிருந்து விலக்கப்பட்டு, மூன்று வருடம் போராடித் தகுதியைத் திரும்பப் பெற்றார். 1999இல் ஒலிம்பிக் குழு எல்லாருக்கும் சோதனை என்பதைக் கைவிட்டது. அதன்பிறகு சந்தேகம் வந்தால் மட்டும் சோதனை. சந்தேகம் யார் மேல் வரும்? முடியை ஒட்ட வெட்டியவள், தோள் அகலமானவள், கறுத்தவள், குரல் கனத்தவள், மார்பு சிறுத்தவள், அரைச் சுற்று முன்னால் வருகிறவள். சாந்தியை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னையும் அப்படித்தான். 2014இல் ஒடிசாவின் த்யுதி சந்தை விலக்கினார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2015இல் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார், 2018இல் இரண்டு ஆசிய வெள்ளிகளும் வென்றார். அவருக்கு வழக்கு நடத்தத் துணைக்கு ஆள் இருந்தது. 2006இல் கத்தக்குறிச்சிக்கு அப்படி யாரும் போகவில்லை.

நான் அந்த வாரம் படித்த செய்தி இதுதான்: 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒரு துளி எச்சில் அல்லது கொஞ்சம் ரத்தம். ஓட்டத்தில் நியாயம் வேண்டும், பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருப்பதே அதற்காகத்தான் என்று சொல்கிறார்கள். அந்த வாதத்தை நான் தட்டிவிட மாட்டேன். தோற்றுப்போகிற பிள்ளைகளும் என் பிள்ளைகள்தான். இரண்டாவதாக வந்து அழுத பிள்ளைகளை நான் தோளில் சாய்த்திருக்கிறேன். 1997இல் எனக்குப் பின்னால் வந்த பெண்ணும் கஷ்டப்பட்டுத்தான் ஓடியிருப்பாள். எல்லையை எங்கே போடுவது என்று அறிவியலாளர்கள் பேசட்டும், நீதிமன்றங்கள் பேசட்டும்.

நான் கேட்பது வேறு. அந்த எச்சிலில் எதிர்பாராத ஒன்று வந்தால், பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அதை யார் சொல்வார்கள்? எந்த மொழியில்? அவளுக்கு முன்னால் டி.வி.க்குத் தெரியாது என்று யார் உறுதி தருவார்கள்? ஊர் திரும்பிய பிறகு அவள் கல்யாணத்தை, வேலையை, உயிரை யார் காப்பாற்றுவார்கள்? தன் உடம்பைப் பற்றி ஒருத்திக்கு இருந்த உறுதி ஒரே நாளில் போய்விட்டால், பதக்கத்தை மட்டுமா இழக்கிறாள்?

ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியாத உடம்போடு குழந்தைகள் எப்போதும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில், மேலூர் சாலையில் இருக்கும் நம்முடைய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சம்மதமில்லாமல் பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசும் அந்த வருடமே ஆணை போட்டது. அந்த உடம்பு அந்தக் குழந்தைக்குச் சொந்தம், வளர்ந்து அதுவே முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் சாரம். இந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் சொல்லப்பட்ட தீர்ப்பு அது. அதே ஊரில்தான் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளையின் உடம்பில் என்ன நடந்தது என்பதைப் பத்தடி உயரத்துக்கு அச்சடித்து நிறுத்துகிறோம். சோதனையில் தோற்றவளை ஊருக்குச் சொன்னார்கள். தேறியவளையும் ஊருக்குச் சொல்கிறோம். இரண்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா நூறு நாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார். காபி தந்தார். பிள்ளை உள்ளே கதவோரம் நின்றது.

"நல்லா ஓடுறா, தெரியும் டீச்சர். ஆனா இனிமே எப்படி? ட்ரவுசர் போட்டுக்கிட்டு அத்தனை பேருக்கு முன்னாடி... அவுக அப்பாவும் அய்யாவும் ஒத்துக்க மாட்டாக. அப்பறம் அந்த மூணு நாளு."

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பற்றிச் சொன்னேன். அப்பா அம்மா இல்லாமல், கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்து, ஷூ இல்லாமல் ஓடத் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக் வரை போன மதுரைப் பெண். இப்போது ரயில்வேயில் வேலை. "சக்கிமங்கலமா? எங்க கொழுந்தியாளக் குடுத்த ஊருதான்" என்றார் அந்த அம்மா. வேலை என்ற வார்த்தை கொஞ்சம் வேலை செய்தது. ஆனால் முகம் இளகவில்லை.

அப்போது, திட்டமிடாமல், அந்த அறையைப் பற்றிச் சொன்னேன். மட்டை, நாற்காலி, சாத்திய கதவு. "பொண்ணுதான் சார்." சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கதவோரம் நின்ற பிள்ளை இரண்டடி முன்னால் வந்திருந்தாள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அம்மா என்ன சொன்னாக?" என்று கேட்டார்.

"சொல்லவே இல்லைம்மா. அம்மா போன வருஷம் இறந்துட்டாங்க. கடைசிவரைக்கும் சொல்லல."

"சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டார்: "முழுப் பேண்ட் போட்டு ஓடலாமா?"

"தாராளமா."

"அந்த மூணு நாளும்?"

"அவளுக்கு முடிஞ்சா ஓடட்டும். முடியலைன்னா உக்காரட்டும். அவ சொல்றதுதான்."

"இவ அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். அவுக அய்யாவுக்குத் தெரிய வேண்டாம் இப்போதைக்கு."

இது வெற்றி இல்லை, பேரம். இருபது வருடத்தில் நான் செய்ததெல்லாம் இந்த மாதிரிப் பேரங்கள்தான். பிளஸ் டூ முடியும்வரை இந்தப் பேரம் நிற்குமா என்று சொல்ல முடியாது. அவள் தாத்தா ஒரு நாள் மைதானத்துப் பக்கம் வந்தால் எல்லாம் கலைந்துபோகலாம்.

புதன்கிழமை அவள் வந்தாள். நீல நிற முழுப் பேண்ட், மேலே அண்ணனின் பழைய சட்டை. அதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். புயல் காற்றில் சாய்ந்து பள்ளிக்குப் பின்னால் கிடந்த பனையிலிருந்து ஒரு துண்டு அறுக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன் மேல் கட்டையை வைத்து, டேப் பிடித்துச் சரியாக 76 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்திருந்தேன். கட்டைக்கு அப்பால் மணலை வெட்டி எடுத்துத் தண்ணீர் விட்டிருந்தோம்.

பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். இதுதான் ஸ்டீபிள்சேஸ் என்றேன். சாந்தியின் பெயரைச் சொன்னேன். அவர் ஓடிய நேரத்தைச் சொன்னேன். அவருக்கு நடந்ததையும் சொன்னேன், அவர்களுக்குப் புரிகிற மாதிரி. ஒருத்தி, "அவங்க பொண்ணா டீச்சர்?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். 2006இல் அந்தக் கூடத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

முதலில் ஓடியது அவள்தான். வேகமாக வந்து, கட்டைக்கு முன்னால் தயங்கி, வலது காலை மேலே வைத்தாள். பேண்ட் தடுக்கியது. தலைகுப்புறச் சேற்றில் விழுந்தாள். கட்டை அசையவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலில் துணி கிழிந்து ரத்தம் கசிந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வீட்ல கேட்டா என்ன டீச்சர் சொல்ல?"

"விழுந்தேன்னு சொல்லு."

அவள் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி ஓடி வருவதற்காகப் பின்னால் நடந்து போனாள்.